கிருஷ்ணாயில் வரிசையில் அத்தை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இருபத்திரண்டு வருடம் மனநல மருத்துவமனையில் இருந்த என் அத்தையை, அதாவது அப்பாவின் அக்காவை, மூன்று மாத விடுப்பில் தாம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.
2. ஒன்பதாம் நாள் அத்தை தானே கதவைத் திறந்துகொண்டு போய் மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் நின்றார். அன்றிலிருந்து தினமும் நின்றார்.
3. ஐந்தாவது வாரம் எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர் வந்து, அத்தை தன்னுடைய டின்னைத் தூக்கி எறிந்ததாகச் சொன்னார்.
4. நான் ஒரு தாளில் ‘வன்முறை’ என்ற கட்டத்தில் ‘ஒன்று’ என்று எழுதினேன்.
5. அந்தத் தாளைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டினார்.
6. அத்தை வரிசைக்குப் போவது நின்றது. நாங்கள் நிம்மதி அடைந்தோம்.

நான்காவதைச் செய்தவள் நான். ஐந்தாவதும் ஆறாவதும் அதிலிருந்து வந்தவை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு கடிதத்தால். நெடுங்காலமாக உள்ளே இருக்கும் வயதானவர்களில், மாத்திரையால் ஓரளவு அமைதியாக இருப்பவர்களை வீட்டார் விரும்பினால் அழைத்துப் போகலாம் என்று மருத்துவமனையிலிருந்து அப்பாவுக்கு எழுதியிருந்தார்கள். முதலில் மூன்று மாத விடுப்பு. அது முடியும்போது வீட்டார் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அவர் வீட்டோடு இருக்கலாம். மாதம் ஒருமுறை வந்து டாக்டரைப் பார்த்தால் போதும். கையெழுத்து இல்லையென்றால் பழைய வார்டுக்கே திரும்ப வேண்டும்.

அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

“அக்காவுக்கு இப்ப அறுபத்தொண்ணு. இந்தத் தடவை வரலன்னா இனி வரவே மாட்டா” என்றார்.

அம்மா, “கூட்டிட்டு வாங்க. ஆனா கையெழுத்தப் பத்தி மூணு மாசம் கழிச்சுப் பேசுவோம்” என்றாள்.

நோய் வருவதற்கு முன் அத்தை திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவர். கல்யாணம் ஆகவில்லை. முப்பத்தெட்டாவது வயதில், தலைமை ஆசிரியை தன் இடது தோளுக்குப் பின்னால் நின்று திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். அந்த அம்மாள் அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். பிறகு சாப்பாடு நின்றது, தூக்கம் நின்றது, ஒருநாள் வகுப்பில் பிள்ளைகளை எல்லாம் வெளியே ஓடச் சொல்லிக் கத்தினார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அத்தை என்றால் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அப்பா கேக் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வரும் ஒருவர். நான் நாலைந்து முறைதான் கூடப் போயிருக்கிறேன்.

முதல் நாள் மத்தியானம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதும், அத்தை தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டார்.

“மைனி, இப்படி உட்காருங்க. நான் கொண்டு வாறேன்” என்றாள் அம்மா.

“எனக்கு முன்னாடி யாரு?” என்று கேட்டார் அத்தை.

“யாருமில்ல மைனி. நீங்கதான்.”

அத்தை திரும்பிப் பார்த்தார். பின்னாலும் யாரும் இல்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. நான் எழுந்து என் தட்டை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன். விளையாட்டாகத்தான் செய்தேன். அத்தை உடனே ஓரடி முன்னே நகர்ந்து தட்டை நீட்டினார்.

என் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, கிண்டியில் அழுத்தமானிகள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தேன். பாய்லருக்கும் பம்புக்கும் பொருத்துகிற வட்டமான மானிகள். ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, முள் காட்டுவதைத் தாளில் எழுதி, தேறியது தேறாதது என்று பிரிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் அத்தைக்கும் ஒரு தாள் போட்டேன். தேதி, தூங்கிய மணி, சாப்பாடு, தனியே பேசியது, வெளியே போனது, வன்முறை என்று கட்டங்கள். தூக்கத்தையும் சாப்பாட்டையும் தவிர மற்றக் கட்டங்களில் எல்லாம் சுழியம் வர வேண்டும் என்பது என் எண்ணம். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானாகவே அப்படி வைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அத்தை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“என்னையப் பத்தியா?”

“ஆமா அத்தை. டாக்டருக்குக் காட்ட.”

“நேத்து தனியே பேசினது மூணுன்னு போட்டிருக்கே. அஞ்சு தடவை பேசினேன். ரெண்டு தடவை மெதுவாப் பேசினது உனக்குக் கேட்டிருக்காது.”

நான் மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினேன். சரியாக எழுதியதில் அத்தைக்குத் திருப்தி.

மண்ணெண்ணெய்க்குப் பெரிய தட்டுப்பாடு இருந்த காலம் அது. எங்கள் பக்கம் அதைக் கிருஷ்ணாயில் என்பார்கள். நாங்கள் இருந்தது மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். அந்தச் சாலையில் இருந்த கடையில் பீப்பாய் நாலு மணிக்குத்தான் திறக்கும். வரிசை மத்தியானமே தொடங்கிவிடும். வெயிலில் அவ்வளவு நேரம் நிற்க முடியாதவர்கள் தங்கள் இடத்தில் ஒரு கல்லையோ, டின்னையோ, கிழிந்த கூடையையோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். நாலு மணிக்கு வந்து கல்லை ஓரம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நிற்பார்கள். கல் வைத்தால் ஆள் நின்ற மாதிரி. இதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் எந்தக் கல் யாருடையது, எது எதற்குப் பின்னால் இருந்தது என்பதில் தினமும் தகராறு.

அத்தை கையில் டின்னும் இல்லாமல் ரேஷன் கார்டும் இல்லாமல் இரண்டரை மணிக்குப் போய் நிற்பார். தன் முறை வந்ததும் ஒதுங்கி, பின்னால் நிற்பவரை விட்டுவிட்டு, மறுபடி கடைசியில் போய் நிற்பார். கடை மூடியதும் நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். முதல் நாள் அம்மா பதறிப்போய்த் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தாள். மறுநாளும் போனார். கதவைத் தாழிட்டால் தாழ் பக்கத்திலேயே நின்றார். நாலாம் நாள் அம்மா கைவிட்டுவிட்டாள். “போய்ட்டு வரட்டும். வழி தெரியுது, நேரம் தெரியுது” என்றாள்.

நான் வேலையிலிருந்து திரும்ப ஆறு மணி ஆகும். அதற்குள் வரிசை கலைந்திருக்கும். அத்தை அங்கே என்ன செய்கிறார் என்பதை நான் பார்த்ததே இல்லை. எங்கள் வீட்டு எண்ணெயைக் கூலிக்கு ஒரு பையன் வாங்கித் தருவான் என்பதால் அம்மாவும் நின்று பார்த்ததில்லை. அம்மா சொல்வதைக் கேட்டு, ‘வெளியே போனது: ஒன்று. மூன்று மணி நேரம். காரணம் இல்லை’ என்று எழுதி வந்தேன்.

ஐந்தாவது வாரம் ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். அவர் அதே கட்டடத்தின் முன்பகுதியில் குடியிருந்தவர். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“வாத்தியாராச்சேன்னு நம்பித்தான் சார் வீடு குடுத்தேன். இப்படி ஒரு ஆளைக் கூட்டி வந்து வைப்பீங்கன்னு சொல்லலியே.”

“என்ன நடந்துது சார்?” என்றார் அப்பா.

“என்ன நடக்கணும்? கடையில நாப்பது பேர் பார்க்க என் டின்னைத் தூக்கி எறிஞ்சுது. இன்னிக்கு டின்னு, நாளைக்குக் கல்லு. யார் மண்டை உடையுமோ. எனக்கு பயமா இருக்கு சார்.”

அப்பா மன்னிப்புக் கேட்டார். அவர் போன பிறகு சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அத்தை உள்ளறையில் பாவாடை ஒன்றுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

“இன்னொரு தடவை இப்படி ஒரு பேச்சு வந்தா நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. வீட்டக் காலி பண்ணச் சொன்னா எங்க போவோம்? அக்காவ வச்சுக்கிட்டு யாரு வீடு குடுப்பா?” என்றார் அப்பா என்னிடம்.

அன்றைய கட்டத்தில் நான் ‘வன்முறை: ஒன்று’ என்று எழுதினேன். அந்த வாரமே அத்தையை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் முறை. டாக்டர் தாளை மேலிருந்து கீழே படித்தார். “ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க” என்று பாராட்டினார். முன்பு வெளியே போய் மூன்று மணி நேரம் நிற்பது, இப்போது வன்முறை என்று இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். மாத்திரையை இரண்டு மடங்கு ஆக்கினார். பாராட்டியதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பத்து நாளில் அத்தை வெளியே போவதை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் தனியே பேசுவதும் நின்றது. நாற்காலியில் உட்கார வைத்தால் உட்கார்ந்திருந்தார். முகத்தில் தோல் இழுத்துக் கட்டியது போல ஓர் இறுக்கம். நடக்கும்போது கைகள் வீசவில்லை. காலைத் தரையோடு தேய்த்து வைத்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. ஊசியில் நூல் கோக்க முயன்று, வலது கை நடுங்கி நடுங்கி, ஊசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

என் தாளில் நான் எதிர்பார்த்த கட்டங்களில் எல்லாம் சுழியம். நடுக்கத்துக்கு நான் கட்டம் போடவில்லை. வீட்டுக்காரர் அப்பாவைப் பார்த்து மறுபடி தலையசைக்க ஆரம்பித்தார். “நல்லா இருக்காளே, இப்படியே போனா கையெழுத்துப் போட்டுடலாம்” என்றார் அப்பா. அம்மா மட்டும் ஒருநாள் சோறு பிசைந்து அத்தைக்கு ஊட்டிக்கொண்டே, “வந்தப்ப தட்டத் தூக்கிட்டு நின்னாங்க. அது எவ்வளவோ பரவாயில்ல” என்றாள். அதை எழுத என் தாளில் இடம் இல்லை.

ஒன்பதாவது வாரம், சனிக்கிழமை. அரைநாள் வேலை முடித்து நான் வீட்டில் இருந்தேன். வாசலில் ஒரு பெண் கூப்பிட்டாள். நாற்பது வயது இருக்கும். ஸ்டேஷனுக்கு மேற்கே காலையில் ஆப்பம் சுட்டு விற்பவள்; தன் தெருவில் நாலைந்து வீட்டுக் கார்டுக்கும் அவள்தான் வரிசையில் நின்று எண்ணெய் வாங்கித் தருவாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“இன்னா பாப்பா, டீச்சரம்மா வூடு இதானே? ரெண்டு மூணு வாரமா ஆளையே காணோமே. ஒடம்பு சரியில்லையா?”

“எந்த டீச்சரம்மா?”

“உங்க அத்தைதாம்மா. லைன்ல நிப்பாங்களே. அவங்க இல்லாம தெனம் ஒரே பேஜாரு. நேத்து ரெண்டு பொம்பளைங்க முடியப் புடிச்சிகினு உருளுதுங்க. எந்தக் கல்லு யாருதுன்னு சொல்ல ஆளு இல்ல.”

எனக்குப் புரியவில்லை. உள்ளே உட்காரச் சொல்லிக் கேட்டேன். அவள் சொன்னாள். அத்தை வரிசையில் நிற்கும்போது வைக்கப்படும் ஒவ்வொரு கல்லையும் டின்னையும் பார்த்து வைத்துக்கொள்வார். உடைந்த அம்மிக்குழவி யாருடையது, அதற்குப் பின்னால் கழுத்து நசுங்கிய டின் யாருடையது, கூடைக்காரி எத்தனை மணிக்கு வந்தாள் என்று எல்லாம் வரிசையாகச் சொல்வார். ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தாறு பேரை ஒன்றுகூடத் தவறாமல் சொன்னாராம். அதிலிருந்து தகராறு வந்தால் டீச்சரம்மாவைக் கேட்பது என்று ஆகிவிட்டது. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

“அவங்களுக்கு யாரும் வேணும்னு கெடையாது, வேணாம்னும் கெடையாது பாரு. அதான் எல்லாரும் நம்புவோம்” என்றாள்.

“ஆனா அத்தை எங்க வீட்டுக்காரரோட டின்னைத் தூக்கி எறிஞ்சாங்கன்னு...”

“எறிஞ்சாங்களா? யாரு, அந்த ஆளு சொன்னாரா?” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நான் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். அந்த ஆளு டின்னு இருபத்தொண்ணாவது. எல்லாரும் அந்தாண்ட பாத்துகினு இருக்கசொல்ல காலால தள்ளித் தள்ளி எட்டாவது எடத்துக்குக் கொண்ணாந்துட்டாரு. டீச்சரம்மா பாத்துட்டாங்க. ஒண்ணும் பேசல. டின்னத் தூக்கினு போயி, அதும் எடத்துல வச்சுட்டு வந்தாங்க. வச்சது கொஞ்சம் சத்தமா கேட்டுது. அவ்ளோதான். ஜனங்க சிரிச்சுதுங்க. அதான் அந்த ஆளுக்கு ரோஷம்.”

நான் உள்ளே போய் அத்தையை நடத்திக் கூட்டி வந்தேன். அவரைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா டீச்சரம்மா, இப்டி ஆயிட்ட? என்னத் தெரியலியா? உன் பின்னால நிக்கறவ.”

அத்தை வெகு நேரம் பார்த்தார். உதடு அசைந்தது, சத்தம் வர நேரம் பிடித்தது.

“ஈய ஒட்டுப் போட்ட டின்னு” என்றார்.

“ஆமா, ஆமா! ஒட்டுப் போட்ட டின்னேதான்!” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எங்கள் தொழிற்சாலையில் முள் சுழியத்தில் நிற்கிறது என்பதற்காக எந்த மானியையும் தேற விடமாட்டோம். அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும்; முள் எழ வேண்டும். உள்ளே பற்சக்கரம் சிக்கிய மானியும் சுழியத்தில்தான் நிற்கும். இது பரிசோதகருக்கு முதல் வாரத்தில் சொல்லித் தருவது. இன்னொன்றும் சொல்லித் தருவார்கள்: தான் கண்ணால் பார்க்காத அளவை எழுதக் கூடாது. நான் இரண்டிலும் தவறியிருந்தேன். தாளை எடுத்து அந்த ‘ஒன்று’ மீது கோடு போட்டேன். பக்கத்தில், ‘நான் பார்க்கவில்லை. விசாரிக்கவும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, “வீட்டுக்காரர்கிட்ட இதப் பேச வேண்டாம். அவர் சம்சாரத்துக்கு மூட்டுவலி, வீட்டு வேலையெல்லாம் அவர்தான். அவசரமா இருந்திருக்கும்” என்றார்.

“நாம பேச வேண்டாம்ப்பா. ஆனா டாக்டர்கிட்டச் சொல்லணும்.”

“மாத்திரையக் குறைச்சு, அக்கா மறுபடி வரிசைக்குப் போய், அவர் மறுபடி வந்து சத்தம் போட்டா?”

அப்பா பயந்ததில் நியாயம் இருந்தது. விடுப்பு முடிய நாலு வாரம்தான் இருந்தது. நான் தாளைக் கொண்டுபோகவில்லை என்றால் அத்தை நாற்காலியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார், அப்பா கையெழுத்துப் போடுவார். கொண்டுபோனால் ஒருவேளை போடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் வலது கை மடியில் ஆடிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடி முடிவு செய்தேன். திங்கட்கிழமை வேலைக்கு லீவு போட்டேன்.

ஆப்பக்கார அக்காவும் கூட வருவதாகச் சொன்னாள். “ஒரு நா கட போடலேன்னா இன்னா, ஊரு பட்டினியா கெடக்கப்போவுது?” என்று மின்சார ரயிலில் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

நான் கோடு போட்ட தாளை டாக்டர் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நீங்க எழுதிக் கொண்டு வந்ததப் பார்த்துத்தானம்மா கூட்டினேன்.”

“தெரியும் டாக்டர். தப்பு என்னோடது.”

“அப்ப யார் பார்த்தது?”

“நான் சார்” என்றாள் ஆப்பக்கார அக்கா.

“நீங்க சொந்தமா?”

“இல்ல சார். லைன்ல இவங்க பின்னால நிக்கறவ.”

டாக்டர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னார். என்னிடம் கேட்டதைவிட அதிகக் கேள்விகளை அவளிடம் கேட்டார்.

“வரிசையில நிக்கும்போது இவங்க தனியாப் பேசுவாங்களா?”

“பேசுவாங்க. நானுந்தான் பேசுவேன், என் புருசனத் திட்டிகினு.”

“இவங்க யார்கூடப் பேசுவாங்க, தெரியுமா?”

“யாரோ பெரிய டீச்சராம். ரொம்பக் கோவக்காரியாம். அந்தம்மாவுக்கும் ஒரு கல்லு வச்சுடு, லைன்ல வரட்டும்னு நாங்க சொல்லுவோம். சிரிப்பாங்க.”

“சிரிப்பாங்களா?”

“நல்லா சிரிப்பாங்க சார்.”

டாக்டர் அத்தையின் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தார், முழங்கையை மடக்கிப் பார்த்தார், எழுந்து நடக்கச் சொன்னார். ஒரேயடியாகக் குறைக்க முடியாது, வாரம் வாரமாகக் குறைக்கலாம் என்றார். நடுக்கத்துக்குத் தனியாக ஒரு மாத்திரை எழுதினார். என் தாளில் இரண்டு கட்டம் சேர்க்கச் சொன்னார். ஒன்று, நடுக்கம். இரண்டாவது, யாரோடு பேசினார் என்பது. “தனியாப் பேசினத எண்ணுறீங்க. மத்தவங்களோட பேசினதையும் எண்ணுங்க” என்றார்.

மூன்றாவது வாரம் அத்தையின் முகம் தளர்ந்தது. தோளுக்குப் பின்னால் நின்று திட்டும் தலைமை ஆசிரியை திரும்பி வந்தார்; அத்தை அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கினார். ஒரு மத்தியானம் இரண்டரை மணிக்குச் செருப்பைத் தேடினார் என்று அம்மா சொன்னாள். அந்தச் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். வரிசையில் இருந்த பெண்கள் “வந்துட்டாங்கப்பா!” என்று கூவினார்கள். எனக்கு யாரையும் தெரியவில்லை. அத்தைக்கு எல்லோரையும் தெரிந்தது. திரும்பும் வழியில், தினமும் ஏன் இங்கே வருகிறார் என்று கடைசியில் அவரிடமே கேட்டேன்.

“வார்டுல கட்டில்ல உட்கார்ந்தா ஒவ்வொருத்தியும் தனித்தனி” என்றார். “சாப்பாட்டுக்கு, மாத்திரைக்கு, குளிக்க, ஆள் எண்ண, எல்லாத்துக்கும் வரிசை. அங்கதான் முன்னாடி ஒருத்தி, பின்னாடி ஒருத்தி இருப்பா. பேசுவோம். உங்க வீட்டுல வரிசையே இல்ல. இங்கதான் இருக்கு.”

இதை மருத்துவமனையிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வெறும் பழக்கம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஐந்து வாரம் ‘காரணம் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

விடுப்பு முடிய நாலு நாள் இருந்தபோது அப்பா பள்ளிக்கூடம் விட்டு நேராக டின்னோடு கடைக்கு வந்தார். அதுவரை அவர் அந்த வரிசையில் நின்றது கிடையாது. அம்மாதான் அனுப்பியிருந்தாள், எண்ணெய்க்காக மட்டும் அனுப்பியிருக்க மாட்டாள். அவரிடம் படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். அப்பா தயங்கித் தயங்கி, வரிசையின் நடுவில் நின்ற அத்தையிடம் போனார். அன்று சனிக்கிழமை, அப்பாவுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு, எனக்கு அரைநாள் வேலை. நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, இந்த டின்ன உன் பக்கத்துல வச்சுக்கிறியா?”

அத்தை டின்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“நீ எப்ப வந்தே?”

“இப்பத்தான்.”

“அப்பக் கடைசிக்குப் போ. பச்சை டின்னுக்குப் பின்னாடி நீதான்.”

“அக்கா, நான்...”

“போ தம்பி. எல்லாரும் நிக்கிறாங்கள்ல?”

“சாருக்கே இந்தக் கதி!” என்று யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரித்தது. “சொந்தத் தம்பிய விடல, அப்புறம் நம்மள எங்க விடப்போறாங்க” என்றாள் இன்னொருத்தி. அப்பா காதுவரை சிவந்து, பச்சை டின்னுக்குப் பின்னால் போய் நின்றார். ஒன்றேகால் மணி நேரம் நின்றார். அவருக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது பீப்பாய் காலியாகிவிட்டது.

வெறும் டின்னோடு வந்தவரைப் பார்த்து அம்மா, “உங்க அக்கா அங்க நின்னுமா ஒரு சொட்டு கிடைக்கல?” என்றாள்.

“அவ நின்னதாலதான் கிடைக்கல” என்றார் அப்பா. சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அடக்க முடியவில்லை. அத்தை கை கால் கழுவிக்கொண்டு வந்து, என்ன என்று விசாரித்து, “நாளைக்கு ரெண்டு மணிக்கே வந்து கல்லு வை” என்று அவருக்குச் சொன்னார்.

அப்பா அந்தப் படிவத்தை அன்று மாலையே எடுத்தார். வீட்டுக்காரர் மறுபடி வந்தால் என்ன செய்வது என்று அம்மா கேட்டாள். “வந்தா, அந்த நாப்பது பேரையும் கேளுங்கன்னு சொல்றேன்” என்றார். கையெழுத்துப் போட்டு, மை காய ஊதி, என்னிடம் கொடுத்தார்.

இது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. அத்தை எங்களோடு இருக்கிறார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லவில்லை. எங்களோடு பேசுவதும் இல்லை. எண்ணெய் வாங்க இப்போது வேறு யாரையோ அனுப்புகிறார். காலை மாத்திரையை அம்மா கொடுக்கிறாள், இரவு மாத்திரையை நான். மாதம் ஒருநாள் நான் அரைநாள் லீவு போட்டு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். முடியாத மாதம் ஆப்பக்கார அக்கா போகிறாள். தோளுக்குப் பின்னால் கேட்கும் குரல் நிற்கவில்லை. நடுவில் ஒருமுறை நிலைமை மோசமாகி மூன்று வாரம் உள்ளே சேர்க்க வேண்டியிருந்தது, திரும்பி வந்துவிட்டார். என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அத்தையைப் பற்றிக் கேட்கிறார்கள், உள்ளதைச் சொல்கிறோம், இதுவரை இரண்டு இடம் தட்டிப்போயிருக்கிறது. அப்பா ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நாங்கள் முடிவு செய்யவில்லை. அத்தையால் மறுபடி ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. வலது கை நடுக்கம் குறைந்திருக்கிறது. முழுவதும் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.